வெட்டாத கோடு

ஒட்டுசுட்டானுக்கு அப்பால், வீரையும் முதிரையும் முடிகிற இடத்தில்
விடிய ஐந்தரைக்கு நான் பொறுக்குவது
மந்திகளின் எச்சம்.
சூடு ஆறுமுன் எடுக்கவேண்டும்.
இரண்டு விரலளவு குழாய், பாதிவரை மதுசாரம்,
மூடியில் நீல மையால்: ஒட்டு பதினான்கு.

கச்சான் தோட்டத்துக் கனகசூரியம்
வேலிக்கு அங்கால் நின்று கேட்கிறார்.
"உதுகின்ர பீயிலை என்ன பிள்ளை தேடுறாய்?"
"சொந்தம் பாக்கிறன்."
"ஆருக்கு?"
"எங்களுக்கும் உதுகளுக்கும்."
கவணை இடுப்பில் செருகிக்கொண்டு
கொஞ்சநேரம் யோசித்தார்.
"அப்ப என்ர கச்சானுக்கு நட்டஈடு
உன்னட்டையே கேக்கலாம்."

வவுனியாவில், குளிரூட்டி இரைகிற அறையில்
எச்சம் எழுத்தாகும்.
பன்னிரண்டு உயிரில்லை, பதினெட்டு மெய்யில்லை.
ஏ, ரீ, ஜீ, சீ. நாலே நாலு.
மந்தி ஒரு நிரை, செங்குரங்கு ஒரு நிரை,
இருட்டில் பெரிய கண்ணோடு நகரும் தேவாங்கு ஒரு நிரை.
அடியில் மனிதர்:
ஒப்பீட்டுக்கென்று என் கன்னத்தில் உரசிய பஞ்சு.

பார்த்தெழுதின இரண்டு பேரைச்
சோதனைத் தாளில் எப்படிப் பிடிப்பது?
சரியான விடையால் முடியாது.
சரி எல்லோருக்கும் பொது.
ஒரே கேள்வியில், ஒரே இடத்தில்
ஒரே பிழை விட்டிருப்பார்கள்.

உயிர்ச்சத்து சீ செய்கிற வரி
எனக்கு உடைந்திருக்கிறது.
மந்திக்கும் உடைந்திருக்கிறது, அதே வரி.
தேவாங்குக்கு மட்டும் இன்னும் ஓடுகிறது.
ஆறு கோடி ஆண்டுக்கும் முன்னே,
பிழை நேருமுன்பே, பிரிந்து போன கிளை அது.
பிறகு யாரோ ஒருத்தி, வாலுள்ளவள்,
பழம் மலிந்த காட்டில்
அந்தப் பிழையோடு பிறந்து
ஒரு குறையும் தெரியாமல் வாழ்ந்திருக்கிறாள்.
கண்டவர் இல்லை. ஒரு பல்கூடக் கிடைக்கவில்லை.
மரத்தில் கிளை பிரிகிற கணுவில்
வெறும் புள்ளி.
மிஞ்சியவர்களைக் கூட்டிக் கழித்து
இருந்தாள் என்கிறோம்.

அவளால்தான் ஆனியில்
பாலை பழுத்துக் கொட்டும்போது
மந்திகள் கொப்பிலும் நான் நிலத்திலும்,
இரு பக்கமும் பால் ஒட்டிய உதடுகள்.

நிரைகளை நேர்படுத்தும்போது
சிலருக்குச் சில எழுத்து விழுந்திருக்கும்.
அங்கே ஒரு சின்னக் கோடு போடுவோம்.
போடாமல் மற்றதை இழுத்து ஒட்டினால்
பிறகு வருகிற ஒவ்வொன்றும் பிசகும்.
எவர் எழுத்து எவருக்கு நேர் என்பதே
தெரியாமல் போய்விடும்.

போன கிழமை விதானையார் வந்தார்.
அட்டையில் ஐந்து பேர், வீட்டில் நாலு.
"துவாரகன் எண்ட பேரை வெட்டிவிடட்டோ,
பதினாறு வரியமாச்சு" என்று
பேனை மூடியைத் திறந்தபடி கேட்டார்.
கெட்ட மனிதரில்லை.
அம்மா தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டா.
"வெட்டாதேங்கோ," என்றேன், "பக்கத்திலை ஒரு கோடு போட்டுவிடுங்கோ."
"வெட்டுறதும் கோடுதானே பிள்ளை."

அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை.
அவர் போனபின் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்:
ஒன்று எழுத்தின் மேல் விழுவது,
மற்றது எழுத்துக்கு இடம் பிடித்து வைப்பது.

தாய்வழி வருகிற வரி
அவனுக்கும் எனக்கும் ஒன்று.
என் கன்னத்துப் பஞ்சில் மீதி இருக்கிறது.
உறைபெட்டியில் இரண்டாம் தட்டில்,
ஒட்டு பதினான்குக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.
எண் எழுதவில்லை.
பொறுப்பாளர் இன்னும் கவனிக்கவில்லை.

இன்று விடியப்புறம் கனகசூரியம் போன் எடுத்தார்.
கை ஈரம், சத்தமாக வைத்துவிட்டேன்.
"பிள்ளை, உங்கட ஆக்கள் வந்திட்டினம்,
கெதியா வா."

அடுப்படியிலிருந்து அம்மா
படலையைப் பார்த்தா.